பென்னி பென்னியாகக் கட்டிய நாடு

கார்டிஃப் நகரத்தின் கத்தேஸ் பூங்கா வெள்ளைக் கல்லின் ஊர். நகர மன்றம், தேசிய அருங்காட்சியகம், பல்கலைக்கழகம் என்று புல்வெளிகளைச் சுற்றி நிற்கும் கட்டடங்களைப் பார்த்தால், இது நெடுங்காலத் தலைநகரம் என்றே எவருக்கும் தோன்றும். உண்மையில் வேல்ஸின் தலைநகரம் என்ற தகுதி கார்டிஃபுக்கு 1955-ல்தான் கிடைத்தது. அருங்காட்சியகத்தை ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முறைப்படி திறந்துவைத்தது 1927-ல். தலைநகரமும் நாடாளுமன்றமும் இல்லாத ஒரு நாடு, அவை வரும்வரை காத்திருக்காமல் தனக்கு வேண்டிய தேசிய நிறுவனங்களைக் கட்டத் தொடங்கிவிட்டது.

பூங்காவை ஒட்டி இன்னொரு வெள்ளைக் கட்டடம் இருக்கிறது. அமைதிக்கும் ஆரோக்கியத்துக்குமான ஆலயம் என்று பெயர். ஒரு பாதி, போரை ஒழிக்கப் பாடுபட்ட சர்வதேச சங்க ஆதரவாளர்களுக்கு. மறுபாதி, காசநோயை ஒழிக்கப் பாடுபட்டவர்களுக்கு. 1938 நவம்பர் 23 அன்று இதைத் திறந்துவைக்க மன்னரோ அமைச்சரோ வரவில்லை. டவ்லைஸ் என்ற இரும்பாலை ஊரிலிருந்து மின்னி ஜேம்ஸ் என்ற தாய் வந்தார். முதல் உலகப் போரில் மூன்று மகன்களைப் பறிகொடுத்தவர். கட்டடத்தின் நிலவறை, போரில் மாண்ட 35,000 பேரின் பெயர்களைத் தோல்தாளில் எழுதிய நினைவு நூலை வைப்பதற்காகவே அமைக்கப்பட்டது. திறப்பு விழா முடிந்து பத்து மாதம் ஆவதற்குள் அடுத்த போர் மூண்டுவிட்டது. அதைச் சொல்லி இந்தக் கட்டடத்தைத் தோல்வி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அந்தத் தாயைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொன்ன மக்களை அப்படி ஒதுக்கிவிட முடியாது.

இரண்டு போர்களுக்கு இடைப்பட்ட அந்த இருபது ஆண்டுகளின் தடத்தைப் பின்பற்றித் தெற்கிலிருந்து வடமேற்குவரை போனதுதான் இந்தப் பயணம். அந்தக் காலத்தில் வேல்ஸ் இழந்தவை பெரிய பட்டியல். தென் வேல்ஸ் சுரங்கங்கள் 1913-ல் சுமார் 5 கோடியே 70 லட்சம் டன் நிலக்கரியை வெட்டின. 1920-ல் அங்கே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். பிறகு கப்பல்கள் எண்ணெய்க்கு மாறின. போர் இழப்பீடாக ஜெர்மானிய நிலக்கரி பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் போய்ச் சேர்ந்தது. 1925-ல் பவுண்டு மீண்டும் தங்க மதிப்புக்குக் கட்டப்பட்டதும் ஏற்றுமதி விலை எகிறியது. 1932 கோடையில் வேல்ஸ் முழுவதும் காப்பீடு பெற்ற ஆண் தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் வேலை இல்லை. இருபது ஆண்டுகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். வெல்ஷ் மொழி பேசுவோர் 1911-ல் நூற்றுக்கு 43.5; 1931-ல் 36.8.

ஆனால் வேல்ஸ் தன் கையால் கட்டிய பொதுச் சொத்துகளில் பெரும்பங்கும் இதே காலத்தைச் சேர்ந்ததுதான். யார் காசு, யார் உழைப்பு என்று இடத்துக்கு இடம் கேட்டுக்கொண்டே போனால் அந்தக் காலம் புரிகிறது.

ரோண்டா பள்ளத்தாக்கில் வீடுகள் மலையடிவாரத்தோடு நீண்ட சரமாக ஓடுகின்றன. ஒரே சுவர், ஒரே கூரை, நூற்றுக்கணக்கான கதவுகள். 1921-ல் இந்தக் குறுகிய இடுக்கில் 1,60,000-க்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். ட்ரியோர்கி ஊரில் இந்த வரிசை வீடுகளுக்கு மேலே தலை நீட்டி நிற்கிறது பார்க் அண்ட் டேர் அரங்கம். பார்க், டேர் என்பவை இரண்டு சுரங்கங்களின் பெயர். அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் கூலியில் ஒவ்வொரு பவுண்டுக்கும் ஒரு பென்னி கொடுத்து நூலகமும் அரங்கமும் கட்டிக்கொண்டார்கள். நாடக மண்டபம் 1913-ல் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே நிகழ்ச்சி நடக்கிறது. இரண்டடுக்கு மாடமும் அலங்கார முகப்புமாக, சீமான்கள் தங்களுக்கென்று கட்டிக்கொள்ளும் தரத்தில் கரி வெட்டியவர்கள் தங்களுக்குக் கட்டிக்கொண்டது.

இப்படித் தென் வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர் நூலகங்கள் இருந்தன. வாசிப்பறை, பில்லியர்ட்ஸ் மேசை, பின்னாளில் சினிமா எல்லாம் ஒரே கூரையின் கீழ். ட்ரெடேகர் ஊரின் தொழிலாளர் நூலகத்தில் படித்து வளர்ந்தவர்தான் அன்யூரின் பெவன். அதே ஊரில் தொழிலாளர்கள் சந்தா கட்டி நடத்திய மருத்துவ உதவிச் சங்கமும் அவருக்குப் பாடமாக இருந்தது. 1948-ல் அவர் அமைச்சராக இருந்து தொடங்கிய தேசிய மருத்துவ சேவைக்கு முன்மாதிரி அது.

இவற்றோடு சேர்த்துச் சொல்லவேண்டியவை சாப்பல்கள். இங்கிலாந்துத் திருச்சபையோடு சேராத கிறிஸ்தவர்கள் தெருவுக்கு ஒன்றாகக் கட்டிய எளிய ஆலயங்கள். அரசு ஆதரவு பெற்ற சபை சிறுபான்மையாகவும், சாப்பல்காரர்கள் பெரும்பான்மையாகவும் இருந்த நாடு இது. நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகு 1920 மார்ச் 31 அன்று வேல்ஸில் திருச்சபைக்கும் அரசுக்குமான பிணைப்பு அறுந்தது. நான்கு குரலாகப் பிரிந்து பாடும் பழக்கம் சாப்பலிலிருந்து சுரங்கத்துக்கும் கால்பந்து மைதானத்துக்கும் போனது. ஞாயிறன்று பக்திப் பாடல் பாடியவர்களே சனிக்கிழமை பாடகர் குழுவில் நின்றார்கள். வேலைநிறுத்தக் காலத்தில் அதே குழுக்கள் ஊர் ஊராகப் பாடி நிதி திரட்டின.

1926-ல் சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைத்துக் கதவடைத்தபோது, நாடு தழுவிய பொது வேலைநிறுத்தம் ஒன்பது நாளில் முடிந்துபோனது. சுரங்கத் தொழிலாளர்கள் மட்டும் ஏழு மாதம் தாக்குப்பிடித்தார்கள். பள்ளிக்கூடங்களிலும் சாப்பல் மண்டபங்களிலும் பொதுச் சமையல் நடந்தது. அந்தக் கோடையில் பள்ளத்தாக்கு முழுவதும் ஊதுகுழல் இசைக்குழுக்கள் முளைத்தன. விலை மலிவான கசூ ஊதுகுழலும் முரசும் போதும். பழைய துணியில் தைத்த விசித்திர உடைகளை மாட்டிக்கொண்டு தெருத் தெருவாக ஊர்வலம் போனார்கள். அடுத்த வசந்தத்தில், 1927 ஏப்ரல் 23 அன்று, கார்டிஃப் சிட்டி அணி லண்டனில் ஆர்சனலை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கிவந்தது. அந்தக் கோப்பை இங்கிலாந்துக்கு வெளியே போனது அந்த ஒரு முறைதான்.

ட்ரியோர்கியிலிருந்து வடக்கே ரிகோஸ் மலைமீது ஏறும் பாதை கொண்டை ஊசி வளைவுகளோடு நீள்கிறது. இன்று மக்கள் காரை நிறுத்திக் காட்சி பார்க்கும் இந்தச் சாலையை 1920-களின் இறுதியில் போட்டவர்கள் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்கள். பாறையை வெட்டப் பழகிய கைகளுக்குக் கிடைத்த நிவாரண வேலை. ஊரைவிட்டுப் போனவர்களில் பலரும் இந்த வழியாகத்தான் போயிருப்பார்கள் என்ற நினைப்பு, உச்சியில் நின்று கீழே விரியும் சமவெளியைப் பார்க்கும்போது எழாமல் இருக்காது.

மலைக்கு அப்பால் மெர்தர் டிட்வில். அதன் மேட்டுப் பகுதிதான் மின்னி ஜேம்ஸின் டவ்லைஸ். 1759-ல் தொடங்கிய டவ்லைஸ் இரும்பாலை உலகின் பல நாடுகளுக்குத் தண்டவாளம் வார்த்துக் கொடுத்தது. 1930-ல் பெரும் ஆலை மூடப்பட்டது. 1936 நவம்பர் 18 அன்று எட்டாம் எட்வர்டு மன்னர் இங்கே வந்து, கைவிடப்பட்ட உலைகளைப் பார்த்து, ஏதாவது செய்தாகவேண்டும் என்று சொன்னார். அடுத்த மாதமே அவர் முடிதுறந்தார். 1939-ல் ஓர் ஆய்வுக்குழு, மெர்தர் நகரையே காலி செய்துவிட்டு மக்களை வேறிடத்தில் குடியேற்றிவிடலாம் என்று யோசனை சொன்னது. மக்கள் அசையவில்லை. இன்று ஆலையின் காற்றூது எஞ்சின் மாளிகை செங்கல் கம்பீரத்தோடு வீடுகளுக்கு நடுவே நிற்கிறது. அதைச் சுற்றி வாழ்கிறது, காலி செய்யச் சொன்ன நகரம்.

கிழக்கே ப்ளைனாவனில் உள்ள பிக் பிட் சுரங்கம் 1980-ல் மூடப்பட்டு இப்போது அருங்காட்சியகம். அங்கே போகிறவர்கள் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு பாதாளத்துக்கு இறங்குவதையே பெரிதாகப் பேசுவார்கள். ஆனால் மேட்டில் இருக்கும் குளியல்கூடத்தில் ஒரு மணி நேரம் செலவழிக்காமல் திரும்பக்கூடாது. 1939-ல் கட்டியது. தட்டையான கூரை, பெரிய கண்ணாடி ஜன்னல்கள், உள்ளே பளபளக்கும் ஓடு பதித்த சுவர். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் இரண்டு பெட்டகம்: ஒன்று சுரங்க உடைக்கு, இன்னொன்று வீட்டு உடைக்கு. கரிபடிந்த துணியைக் கழற்றி அழுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, தூறல் குழாய்களின் கீழ் நின்று குளித்து, சுத்தமான பக்கத்துக்கு நடந்து போய் நல்ல உடை போட்டுக்கொள்ளலாம். பெட்டகங்களுக்குள் சூடான காற்று ஓடி ஈரத்துணியை மறுநாளுக்குள் காயவைத்துவிடும். நீண்ட வரிசைகளில் நிற்கும் இந்த இரும்புப் பெட்டகங்களின் கதவைத் திறந்து பார்த்தால், ஒரு கோட்டும் ஒரு ஜோடி பூட்ஸும் வைக்கத்தான் இடம். அவ்வளவு இடம் கிடைக்க நெடுங்காலம் கேட்கவேண்டியிருந்தது.

இதை முன்னின்று கேட்டவர்கள் பெண்கள். குளியல்கூடம் இல்லாத காலத்தில் கணவனும் மகன்களும் கரியோடு வீட்டுக்கு வருவார்கள். ஒவ்வொரு முறைக்கும் வாளி வாளியாக வெந்நீர் வைத்து, அடுப்பங்கரை முன்னால் தகரத் தொட்டியில் ஊற்றி, குளித்தபின் அந்தத் தண்ணீரை இறைத்து, துணியைத் தட்டிக் காயவைக்க வேண்டும். முறை மாறி மாறி வேலைக்குப் போகும் வீட்டில் இது விடியலிலிருந்து நள்ளிரவுவரை ஓயாது. கனத்தைத் தூக்கிக் கருச்சிதைந்த பெண்கள் உண்டு. வெந்நீரில் விழுந்த குழந்தைகள் உண்டு. ரோண்டாவைச் சேர்ந்த எலிசபெத் ஆண்ட்ரூஸ் 1919-ல் லண்டனில், சுரங்கத் தொழிலை விசாரித்த சாங்கி ஆணையத்தின் முன் நின்று இதையெல்லாம் எடுத்துச் சொன்னார். மறு ஆண்டே, வெட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு பென்னி என்று நலநிதி ஏற்படுத்தப்பட்டது. குளியல்கூடங்கள் அந்த நிதியில் வந்தவை. அந்தக் கால வேல்ஸின் தேசியக் கலைச்செல்வங்கள் என்று பட்டியல் போட்டால், இந்தக் கட்டடத்தை முதல் வரிசையில் வைக்கவேண்டும்.

நிலக்கரிப் பணம் வேறு வழியிலும் ஓடியது. நடு வேல்ஸின் பச்சைக் குன்றுகளுக்குள் இருக்கும் கிரெகினோக் மாளிகை, தூரத்திலிருந்து பார்க்கும்போது கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமான பழங்கால வீடாகத் தெரிகிறது. கிட்டப் போனால் மரமே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கான்கிரீட்டில் வார்த்து வண்ணம் பூசியது. 1920-ல் இது க்வென்டலின், மார்கரெட் டேவிஸ் சகோதரிகளின் கைக்கு வந்தது. சுரங்கமும் பாரி துறைமுகமும் கட்டிய டேவிட் டேவிஸின் பேத்திகள். போர்க்காலத்தில் பிரான்ஸில் சிப்பாய்களுக்குச் சிற்றுண்டிச்சாலை நடத்தியவர்கள். மோனே, ரென்வார், செசான் ஓவியங்களை இங்கிலாந்தில் பலர் சீண்டாத காலத்திலேயே வாங்கியவர்கள்; அவை பின்னர் கார்டிஃப் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தன.

இந்த மாளிகையில் 1922-ல் ஓர் அச்சகம் தொடங்கியது. 1940 வரை 42 நூல்கள். வெல்ஷிலும் ஆங்கிலத்திலும். மரச்செதுக்கு ஓவியங்கள், கையால் கட்டிய தோல் அட்டைகள் என்று உலகின் சிறந்த அச்சுக் கலைஞர்கள் வியந்த வேலை. 1933 முதல் 1938 வரை இங்கே இசையும் கவிதையும் சேர்ந்த விழா நடந்தது. வீட்டு வேலைக்காரர்கள், தோட்டக்காரர்கள் எல்லாரும் பாடகர் குழுவில் இருந்தார்கள். அச்சகத்தின் பின்னணியில் இருந்த தாமஸ் ஜோன்ஸ், ரிம்னி என்ற சுரங்க ஊரில் பிறந்து லண்டனில் அமைச்சரவைச் செயலகம்வரை உயர்ந்தவர். தொழிலாளர்கள் தங்கிப் படிக்க 1927-ல் ஹார்லெக் கல்லூரியை நிறுவியவரும் அவரே. சகோதரிகளின் அண்ணன் டேவிட் டேவிஸ்தான் கார்டிஃப் அமைதி ஆலயத்துக்கு முதன்மைக் கொடையாளி. சர்வதேச அரசியலுக்கென்று உலகிலேயே முதல் பேராசிரியர் பதவியை 1919-ல் அபரிஸ்ட்வித்தில் ஏற்படுத்தியதும் இந்தக் குடும்பப் பணம். அந்தப் பணம் எந்தச் சுரங்கத்திலிருந்து, யாருடைய முதுகிலிருந்து வந்தது என்பதைச் சகோதரிகள் அறிந்தே இருந்தார்கள். அதைத் திருப்பிக் கொடுக்க வழி தேடியவர்களாகவே அவர்கள் வாழ்ந்தார்கள்.

அபரிஸ்ட்வித் கடலோர ஊர். குன்றின்மேல் நிற்கும் தேசிய நூலகத்தின் வாசலிலிருந்து பார்த்தால் ஊரும் வளைகுடாவும் கீழே கிடக்கின்றன. இங்கே ஓர் ஓக் மரப்பெட்டிக்கு 2023-லிருந்து புது இடம். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பிய பெட்டி அது. 1923-ல் வேல்ஸ் பெண்கள் வீடு வீடாகப் போய், அமெரிக்கா சர்வதேச சங்கத்தில் சேர்ந்து போரை ஒழிக்க உதவவேண்டும் என்று அமெரிக்கப் பெண்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கையொப்பம் வாங்கினார்கள். மொத்தம் 3,90,296 பெண்கள். அன்றைய வேல்ஸில் வயது வந்த பெண்களில் பெரும்பங்கினர். ஆனி ஹியூஸ் கிரிஃபித்ஸ் தலைமையில் ஒரு குழு 1924-ல் பெட்டியைக் கொண்டுபோய் ஒப்படைத்தது. அதிபர் கூலிட்ஜையும் சந்தித்தது. தாள்களில் சில கையெழுத்துகள் பள்ளி ஆசிரியையின் அச்சுக்கோர்த்த எழுத்து. சில, பேனா பிடித்துப் பழகாத விரல்களின் தடுமாற்றம். முகவரி எழுதும் இடத்தில் பலரும் வெறும் பண்ணைப் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இதே ஊரில் பாடம் நடத்திவந்த இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸ், 1922 ஜனவரியில் தான் நடத்திய சிறுவர் பத்திரிகையில் ஓர் அழைப்பு விடுத்தார். விளையாட்டு மைதானத்திலும் கடைத்தெருவிலும் பிள்ளைகள் வெல்ஷை மறந்துவருகிறார்கள், ஒரு சங்கம் சேர்ப்போம் என்று. அப்படிப் பிறந்ததுதான் உர்த் என்ற இளையோர் சங்கம். வேல்ஸுக்கும் சக மனிதருக்கும் கிறிஸ்துவுக்கும் உண்மையாக இருப்பேன் என்பது உறுதிமொழி. 1929-ல் கோர்வென் ஊரில் முதல் கலைவிழா. 1932-ல் லங்கிரானோக் கடற்கரையில் நிரந்தர முகாம். 1939-ல் எட்வர்ட்ஸ் அபரிஸ்ட்வித்தில் வெல்ஷ் வழிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியபோது சேர்ந்த பிள்ளைகள் ஏழே பேர். அரசு அதற்கு உதவவில்லை. பெற்றோரே செலவைச் சுமந்தார்கள். இன்று வெல்ஷ் வழிப் பள்ளிகள் நாடு முழுவதும் இருக்கின்றன. தாய்மொழிக் கல்வியைப் பற்றிக் கவலைப்படுகிற எவரும் அந்த ஏழு பிள்ளைகளை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

வடக்கே ட்ராஸ்வினித் கிராமத்தில் ஒரு வெண்கலச் சிலை. ஹெத் வின் என்ற புனைபெயரில் எழுதிய இடையர். 1917-ல் ஐஸ்டெத்வட் என்ற தேசியக் கலைவிழாவின் கவிதைப் போட்டியில் வென்றவர் பெயரைக் கூப்பிட்டபோது, அவர் ஐந்து வாரத்துக்கு முன் பெல்ஜியம் போர்முனையில் இறந்துவிட்ட செய்தி சொல்லப்பட்டது. பரிசு நாற்காலியைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். 1923-ல் அவருடைய தாய் இந்தச் சிலையைத் திறந்துவைத்தார். படைவீரர் உடையில் அல்ல, இடையராகவே நிற்கிறார். போருக்குப் பிந்திய வேல்ஸ் எதை நினைக்க விரும்பியது என்பதற்கு இந்த உடையே சாட்சி.

லீன் தீபகற்பத்தில் உள்ள புல்ஹெலி சந்தை ஊர். 1925 ஆகஸ்டில் இங்கே ஐஸ்டெத்வட் நடந்தபோது, மது விற்காத ஒரு விடுதியின் அறையில் ஆறு பேர் கூடி வேல்ஸ் தேசியக் கட்சியைத் தொடங்கினார்கள். 1929 தேர்தலில் அவர்களின் முதல் வேட்பாளர் லூயிஸ் வாலன்டைன் பெற்றது 609 வாக்குகள். கட்சித் தலைவர் சாண்டர்ஸ் லூயிஸ் பெரும் நாடகாசிரியர். ஆனால் தென் வேல்ஸ் தொழில்களைக் கலைத்துவிட்டு மக்களை நிலத்துக்குத் திருப்பலாம் என்று அவர் நம்பியது, பள்ளத்தாக்கு மக்கள் அரங்கமும் நூலகமும் கட்டி வாழ்ந்த வாழ்வை அவர் சரியாகக் காணவில்லை என்பதையே காட்டுகிறது. அந்த மக்களின் நம்பிக்கையைக் கட்சி பெற நெடுங்காலம் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊருக்குச் சற்றுத் தள்ளி பெனிபெர்த். குண்டுவீச்சுப் பயிற்சிக்காக அரசு தேர்ந்தெடுத்த இடம். இங்கிலாந்தில் டார்செட் கடற்கரையை முதலில் யோசித்தபோது, அங்குள்ள அன்னப்பறவைகளுக்கு இடையூறு என்று எதிர்ப்பு எழுந்தது, அரசு பின்வாங்கியது. லீன் மக்களின் எதிர்ப்புக்கு அந்தச் செவி கிடைக்கவில்லை. புலவர்களைப் புரந்த பழைய பண்ணைவீடு இடிக்கப்பட்டது. 1936 செப்டம்பர் 8 அன்று அதிகாலையில் சாண்டர்ஸ் லூயிஸ், வாலன்டைன், டி. ஜே. வில்லியம்ஸ் என்ற மூவரும் பயிற்சித் தளத்தின் கொட்டகைகளுக்குத் தீ வைத்துவிட்டு, புல்ஹெலி காவல் நிலையத்துக்குப் போய்த் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் கல்லூரி விரிவுரையாளர், ஒருவர் போதகர், ஒருவர் பள்ளி ஆசிரியர். இங்கிலாந்தோடு வேல்ஸ் சட்டப்படி இணைக்கப்பட்ட நானூறாவது ஆண்டு அது. இன்று சாலையோரத்தில் நினைவுக்கல் இருக்கிறது. போருக்குப் பின் விமானத்தளத்தின் முகாமில், நாடு திரும்ப முடியாத போலந்துப் படைவீரர்கள் குடியேறினார்கள்.

வழக்கு கைர்நார்வன் கோட்டையருகே உள்ள நீதிமன்றத்தில் நடந்தது. லூயிஸ் வெல்ஷில் பேச முயன்றார். ஜூரிகள் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. வழக்கை லண்டன் ஓல்ட் பெய்லிக்கு மாற்றி, மூவருக்கும் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை கொடுத்தார்கள். லூயிஸின் கல்லூரி வேலை போயிற்று. 1937-ல் விடுதலையாகி வந்தவர்களை வரவேற்க இதே ஊரின் பெரிய அரங்கத்தில் பல்லாயிரம் பேர் கூடினார்கள். 1961-ல் அந்த அரங்கத்தை இடித்துவிட்டார்கள்.

1934-ல் அதே அரங்கத்தின் மேடையில் பால் ரோப்சன் பாடியிருக்கிறார். ரெக்ஸம் அருகே கிரெஸ்ஃபோர்டு சுரங்கத்தில் 266 பேர் இறந்த செய்தி வந்த சமயம். அந்தக் கறுப்பினப் பாடகர் தன் ஊதியத்தை இறந்தவர்களின் குடும்பங்களுக்கே கொடுத்தார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் உயிர்விட்ட வேல்ஸ் தோழர்களுக்கான அஞ்சலிக் கூட்டத்தில் 1938 டிசம்பரில் அவர் பாடியது தெற்கே மவுண்டன் ஆஷ் ஊரில். சுரங்கத்தின் வேல்ஸும் மொழியின் வேல்ஸும் வேறு வேறு என்று பேசுபவர்கள், வடக்கில் இடிந்துபோன இந்த ஒரு மேடையில் யார் யாரெல்லாம் நின்றார்கள் என்று பார்க்கலாம்.

கைர்நார்வன் நீதிமன்றத்தில் நடந்தது மக்கள் மனதில் தங்கிவிட்டது. 1938-ல் கார்டிஃப் ஐஸ்டெத்வட்டில் வெல்ஷ் மொழிக்கு உரிமை கேட்டு ஒரு மனு தொடங்கியது, லட்சக்கணக்கானோர் ஒப்பமிட்டார்கள். 1942-ல் வேல்ஸ் நீதிமன்றச் சட்டம் வந்தது. ஆங்கிலத்தில் பேசினால் தனக்குப் பாதகம் என்று கருதுபவர் மட்டுமே வெல்ஷில் சாட்சி சொல்லலாம் என்பது அதன் நிபந்தனை. விரும்புகிற எவரும் பேசலாம் என்று 1967-ல்தான் சட்டம் சொன்னது. தீ வைத்த மூவரும் அப்போது உயிரோடு இருந்தார்கள்.